மச்சான் பொறுக்கிய அறுநூற்றுப் பன்னிரண்டு கற்கள்

என் மச்சானுக்கு நான் நாற்பதாயிரம் தரவேண்டியிருந்தது. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, கெடு கிடையாது. தங்கை வாழ்கிற வீடு என்பதால் அவர் கேட்கவில்லை. அவர் கேட்கவில்லை என்பதால் நான் கொடுக்கவில்லை. ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது.

என்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். நான் நாலாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் போகவில்லை. பன்னிரண்டு வயதில் மண்வெட்டி பிடித்தவன், முப்பத்தொன்றில் சொந்தமாகச் சரளைக் குவாரி வைத்தேன். இன்றைக்கு இந்த ஊரில் நிமிர்ந்து நிற்கிற கட்டடங்களில் பாதிக்கு அடியில் என் சரளைதான் படுத்திருக்கிறது. பெரிய பாலத்தின் தூண்களும் அப்படித்தான். என் சொந்தக் காலில் நின்றவன் நான் என்று எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் காலை ஊன்ற ஓர் இடம் வேண்டும் அல்லவா? அந்த இடத்துக்கு முதல் குத்தகைப் பணம் கட்டியவர் மச்சான். அதை எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன்.

என் மனைவியின் ஒரே அண்ணன் அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பீர்கள். உடைந்த பாட்டில்களைப் பார்க்கிற வேலை. பாட்டில் எங்கே, எதனால் உடைந்தது என்று சொல்ல வேண்டும். உள்ளே அழுத்தம் தாங்காமல் வெடித்ததா, சூட்டில் விரிந்ததா, பக்கத்துப் பாட்டில் இடித்ததா? துண்டுகளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், விரிசல் புறப்பட்ட இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவார். அந்தத் தொழிற்சாலையை ஒருநாள் மூடினார்கள். கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணத்தில் நாற்பதாயிரத்தை அப்படியே என் கையில் வைத்தார். குவாரி தொடங்கியதும் நான் அவருக்கு பெல்ட்டில் வேலை கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன், அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

பெல்ட் என்றால், வெட்டிக் கொட்டிய சரளையைச் சலிப்பானுக்குக் கொண்டுபோகிற நீளமான ரப்பர் பட்டை. அதன் ஓரத்தில் ஓர் ஆள் நின்று மரத்துண்டு, களிமண் கட்டி, அளவுக்கு மீறிய கல் எல்லாவற்றையும் பொறுக்கிப் போட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாலாம் மாதம் மச்சான் சிவப்புப் பொத்தானை அழுத்தி பெல்ட்டை நிறுத்திவிட்டார். பெல்ட் நின்றால் எனக்கு நெஞ்சே நின்றுவிடும். ஓடினேன்.

"யாரு நிறுத்துனது?"

"நான்தான் மாப்ள."

"கை மாட்டிக்கிச்சா?"

"கை நல்லாத்தான் இருக்கு. இதைப் பாருங்க."

உள்ளங்கை அகலத்தில் ஒரு சிக்கிமுக்கிக் கல். தேன் நிறம், ஒரு பக்கம் கூர்மை.

"கல்லு," என்றேன்.

"யாரோ தட்டி எடுத்த கல்லு."

"நம்ம கிரஷர் தட்டியிருக்கும்."

"கிரஷர் நசுக்கும் மாப்ள, தட்டாது. இங்க தொடுங்க. விளிம்புக்குக் கீழ ஒரு சின்ன வீக்கம் தெரியுதா? அடி விழுந்த இடம் அதுதான். அங்கேர்ந்து அலை அலையா ஓடுது பாருங்க, தண்ணில கல்லைப் போட்ட மாதிரி. கண்ணாடி இப்படித்தான் உடையும். இந்தக் கல்லும் கண்ணாடிக்குத் தம்பிதான். அப்புறம் இந்த ஓரம். வரிசையா பொடிப்பொடியா சில்லு எடுத்திருக்கு. ஒருத்தன் உக்காந்து, பொறுமையா, ஒரே பக்கத்துலேர்ந்து எடுத்திருக்கான்."

"எவன்?"

"நமக்கு ரொம்ப முந்தி இருந்தவன்."

"கல்லைக் கண்டா நாயைக் காணோம்பாங்க. உங்களுக்கு வேலையைக் காணோம்," என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். லாரிக்காரர்கள் அன்றைக்கே அவருக்குப் 'பொறுக்கி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. "சம்பளமே அதுக்குத்தானேப்பா தர்றாங்க," என்றார். அதற்குப் பிறகு அந்தப் பெயரில் மரியாதை வந்துவிட்டது. 'பொறுக்கி அண்ணே, இந்த லோடுல ஏதாவது தேறுமா?' என்று கேட்டுவிட்டுத்தான் கொட்டினார்கள்.

நூலகத்திலிருந்து படம் போட்ட புத்தகம் எடுத்து வந்தார். இரண்டு முகமும் செதுக்கி, நுனி கூராக, அடி பருத்து இருந்தால் கைக்கோடாரி. ஓரம் மட்டும் சீவியிருந்தால் தோல் சுரண்டுகிற கல். நீளமாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கூராக இருந்தால் கத்தி. வெயிலிலும் குளிரிலும் தானாக வெடித்த கல்லில் வட்டம் நடுவிலிருந்து விரியும், ஓரத்திலிருந்து விரியாது. அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். புதிதாக உடைந்தது பளபளக்கும். பழையதற்கு மேலே ஒரு தோல் படிந்திருக்கும், மண்ணின் நிறத்தைக் குடித்த தோல். இதெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். இன்றைக்கும் என் முன்னால் பத்துக் கல்லை வையுங்கள், எட்டைச் சரியாகச் சொல்வேன். படித்தவர்கள் ஐந்து சொன்னால் அதிகம்.

ஒவ்வொரு கல்லிலும் பேனா மையால் பொடி எழுத்தில் எண் எழுதுவார். அந்த லோடு எந்த மூலையில் வெட்டியது, எத்தனை அடி ஆழம் என்று லாரிக்காரரிடம் கேட்டு, எடைச்சீட்டின் பின்பக்கம் குறித்துவைப்பார். எண்ணின் மேல் நகப்பூச்சு தடவினால் அழியாது என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம். தங்கையிடம் வாங்கித் தடவினார். நூற்று நாற்பதாவது கல்லில் பாட்டில் காலி. என் மனைவி, "என் நகத்துக்கே இல்லாம உங்க கல்லுக்குப் பூசணுமா அண்ணே?" என்று கையை விரித்துவிட்டாள். மிச்சமெல்லாம் வெறும் மைதான்.

மச்சான் சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தார். படுக்க ஓர் அறை, கற்களுக்கு ஓர் அறை. பாட்டில் அடுக்குகிற இருபத்துநாலு கண் பெட்டிகளைத் தொழிற்சாலை மூடியபோதே வாங்கி வைத்திருந்தார். கண்ணுக்கு ஒரு கல். ஒன்பது வருஷத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு சேர்ந்தன, இருபத்தாறு பெட்டிகள்.

ஒரு மாதத்தின் முதல் தேதி அவர் எடைமேடை அறைக்கு வந்து, உட்காராமல் நின்றார்.

"மாப்ள, வீட்டுக்காரர் கட்டடத்தை விக்கிறார். என் ரெண்டு ரூமையும் எனக்கே தர்றேங்கிறார். மாசக் கடைசிக்குள்ள கட்டணும். இல்லன்னா வேற ஆளு ரெடியா இருக்கான்."

"நல்ல விஷயம்தானே."

"சேர்த்து வச்சது இருக்கு. நாப்பது குறையுது."

அந்தக் கணக்கு அவர் போட்டதில்லை. அப்படி அமைந்துவிட்டது. ஆனால் நாற்பது என்ற சொல் மேஜை மேல் விழுந்ததும் எனக்குக் காது சுட்டது. அந்த வருஷம் புதுப் பொக்லைன் கடனில் வாங்கியிருந்தேன். இரண்டு மாத மழையில் குவாரி குளமாகிக் கிடந்தது. வெளியே முதலாளி, உள்ளே பெட்டி காலி. அதைச் சொல்ல வாய் வரவில்லை. பணம் இல்லாதவனுக்கு யோசனை மட்டும் பொங்கிக்கொண்டு வரும்.

"இருபதாந்தேதி அருங்காட்சியகத்துலேர்ந்து ஒரு அம்மா வர்றாங்கன்னு சொன்னீங்கல்ல? வித்துடலாம் மச்சான். கல்லை வித்துடலாம்."

"விக்கக் கூப்பிடல. பார்க்கத்தான் கடுதாசி போட்டேன்."

"பார்த்தா வாங்குவாங்க. யாவாரத்தை என்கிட்ட விடுங்க."

பணம் இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி மாப்ள," என்று போய்விட்டார்.

பத்தாம் தேதி இருபத்தாறு பெட்டிகளையும் குவாரி அலுவலகத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார். பல் டாக்டரிடம் பூதக்கண்ணாடி இரவல் வாங்கி வருகிறேன் என்று டவுனுக்குப் போனார். நான் பெட்டிகளைத் திறந்தேன். எல்லாம் மண்ணும் தூசியும். வருஷக்கணக்கில் சரளை விற்றவன் நான். கழுவாத சரளைக்கு ஒரு விலை, கழுவிய சரளைக்கு ஒன்றரை விலை. இது என் ரத்தத்தில் இருக்கிறது. அவருக்கு ஒரு நல்லது செய்வோம் என்று நினைத்தேன். சத்தியமாக நல்லது என்றுதான் நினைத்தேன். சல்லடையின் மேல் எல்லாக் கற்களையும் பரப்பி, சோப்புத் தூள் போட்டு, லாரி கழுவுகிற ஹோஸைத் திறந்துவிட்டேன். இரண்டு ஆட்களை விட்டுப் பிரஷ் போட்டுத் தேய்க்கவும் சொன்னேன். கற்கள் ஜொலித்தன. வெயிலில் காயவைத்து, எந்தக் கண்ணில் எது இருந்தது என்று பார்க்காமல், பெரியது பெரியதாக, சின்னது சின்னதாக அழகாக அடுக்கினேன்.

மச்சான் வந்தார். முதல் பெட்டியைப் பார்த்தார். ஒரு கல்லை எடுத்துத் திருப்பினார். இன்னொன்றை எடுத்தார்.

"நம்பர் எங்க மாப்ள?"

"அழுக்குதான் போயிருக்கு. பாருங்க, எப்படி மின்னுது."

அவர் மூன்றாவது கல்லை எடுக்கவில்லை. ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

"எங்க கிடைச்சுது, எத்தனை அடியில கிடைச்சுதுன்னு தெரிஞ்சாத்தான் இது சாட்சி. தெரியலன்னா வெறும் கல்லு மாப்ள. ரோட்டுல போடலாம்."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், ஒரு மாதிரி சரியாகப் போயிருக்கும். அவர் கத்தவில்லை. மிகப் பெரிய கைக்கோடாரியின் நுனி சல்லடையில் மோதிச் சிதறியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். உடைந்த இடம் புத்தம் புதிதாக, கறுப்பாகப் பளபளத்தது. அந்த நுனி கிடைக்கவே இல்லை. நானே மூன்று நாள் சேற்றில் தேடினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி தையல் மிஷினை நிறுத்தினாள்.

"பாத்திரம் கழுவச் சொன்னா இடுப்பு வலிக்கும். எங்க அண்ணன் கல்லைக் கழுவ மட்டும் யாரு கூப்பிட்டா?"

"நல்லது பண்ணலாம்னு..."

"நீங்க நல்லது பண்ணாம இருந்தாலே பாதி ஊரு பொழைச்சுக்கும்."

அடுத்த வார்த்தையில் அவள் அழுதுவிட்டாள். நகப்பூச்சு ஞாபகம் வந்துவிட்டது அவளுக்கு. நூற்று நாற்பது கற்களில் மட்டும் எண் அப்படியே இருந்தது. அவள் கையை விரிக்காமல் இருந்திருந்தால் எல்லாம் இருந்திருக்கும்.

மறுநாள் காலை மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார், தோளில் ஒரு சாக்கு. அதில் ஒன்பது வருஷத்து எடைச்சீட்டுகள். ஒவ்வொரு சீட்டின் பின்பக்கமும் எண், மூலை, ஆழம், மண்ணின் நிறம். அதோடு கல்லைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரைந்த கோடு.

"கோடு இருக்கு மாப்ள. கல்லும் இருக்கு. ஒண்ணுக்கொண்ணு பொருத்தணும். நானூத்தி எழுபத்திரண்டு. உங்களுக்கு நேரம் இருக்கா?"

இந்த வேலைக்கு எனக்குத் தகுதி இருக்கிறதா என்றுகூட அவர் யோசிக்கவில்லை. நேரம் இருக்கிறதா என்றுதான் கேட்டார். அதற்காகவே இன்றைக்கும் அவர் வந்தால் நான் எழுந்து நிற்கிறேன்.

சாப்பாட்டு மேஜை, கட்டில், தரை எல்லாம் கற்கள். காலையில் குவாரி திறக்கும்வரை இரண்டு மணி நேரம், மதியம் இரண்டு மணி நேரம், ஞாயிறு முழுவதும். முதல் நாள் எனக்கு மூன்று பொருந்தின, மச்சானுக்கு முப்பது. என் மனைவிக்கு நாற்பத்தாறு. வாழ்நாள் முழுக்கத் துணியை வரைந்து வெட்டியவள். கோட்டை ஒருமுறை பார்ப்பாள், அந்த வளைவு கண்ணில் தங்கிவிடும்.

"இது கழுத்து வெட்டு மாதிரி இருக்குண்ணே. அந்தச் சிவப்புக் கல்லைக் கொடுங்க."

"நிறத்தைப் பார்த்தியா? சீட்டுல வெள்ளைக் களிமண்ணுன்னு போட்டிருக்கு. வெள்ளைக் களியில கிடந்தா மேல வெளுத்திருக்கும். இது தேன் நிறம்."

"அப்ப பக்கத்துல இருக்கறது."

"அது சரி."

"நான் எடுத்துக் கொடுத்தேன்ல?" என்றேன்.

"ஆமா, உங்க காலுக்குக் கீழ இருந்துச்சு. காலைத் தூக்கினதே பெரிய உதவிதான்," என்றாள் மனைவி.

நான் கடைக்குப் போய் நகப்பூச்சு பன்னிரண்டு பாட்டில் வாங்கினேன், நிறமில்லாதது. கடைக்காரர் என் கையை ஒருமுறை பார்த்துவிட்டு, "கல்யாணமா?" என்று கேட்டார். "கல்லுக்கு," என்றேன். மிச்சத்தைக் கொடுக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்று கொடுத்தார். பொருந்திய கல்லில் மச்சான் எண் எழுதுவார், நான் பூச்சு தடவுவேன். லட்சம் லோடு ஏற்றிய கை, அந்தச் சின்னத் தூரிகையால் முதல் பாட்டிலில் பாதியைத் தரைக்கே பூசியது.

பத்தொன்பதாம் தேதி மாலை ஒன்பது கற்கள் மட்டும் மிஞ்சின. அவற்றின் சீட்டுகளில் மழைத்தண்ணீர் பட்டுக் கோடு கரைந்திருந்தது.

"ஒன்பதுதானே மச்சான்? மிச்சமிருக்கிற நம்பரை ஆளுக்கொண்ணு போட்டுடலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே மாப்ள. ஒன்பது பொய்யி, அறுநூத்தி மூணையும் கெடுத்துடும்."

ஒன்பதையும் தனியாக ஒரு பெட்டியில் வைத்து, 'இடம் தெரியாது' என்று எழுதி ஒட்டினார்.

அருங்காட்சியகத்து அம்மா இருபதாம் தேதி காலை வந்தார். கண்ணாடி போட்ட, குட்டையான, அதிகம் பேசாத அம்மா. வாசலிலேயே என் குவாரி வரலாற்றை அவருக்குச் சொல்லத் தொடங்கினேன். அவர் கற்களுக்குப் போய்விட்டார். கற்களை அரைமணி நேரம் பார்த்தார், எடைச்சீட்டுகளை இரண்டு மணி நேரம். பிறகு தனிப் பெட்டியைத் தொட்டார்.

"இந்த ஒன்பதுக்கு ஏன் இடம் இல்ல?"

"நம்பர் அழிஞ்சிடுச்சும்மா. பொருத்திப் பார்த்தோம், ஒத்து வரல," என்றார் மச்சான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "நான்தாம்மா கழுவிட்டேன். ஹோஸ் போட்டு. அந்தக் கோடாரி நுனி போனதும் என்னாலதான்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கியிருக்கலாம், கோபத்தையும் அடக்கியிருக்கலாம். "ஒன்பது தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. அதனாலதான் மத்ததை நம்புறேன்," என்று மச்சானிடம் சொன்னார். பிறகு சீட்டுகளில் ஒரு கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். இருநூற்றுப் பதினொரு கற்கள், எல்லாம் வடமேற்கு மூலை, எல்லாம் பதினோரு அடிக்குக் கீழே, களிக்கு மேலே. கூடவே சில்லும் பொடியும் நிறைய. அங்கேயே உட்கார்ந்து செய்திருக்கிறார்கள், ஆற்றில் அடித்து வந்தது இல்லை என்றார்.

மூலைக்குக் கூட்டிப்போனோம். சுவரை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்த மூலையை ரெண்டு வருஷம் தோண்டாம எங்களுக்கு விடுவீங்களா? வாடகை தருவோம்."

பேரம் பேசுவதில் என்னை ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை. கல்லிலே நார் உரிப்பவன் என்று என்னைச் சொல்வார்கள். ஆனால் அன்றைக்கு நான் வாயைத் திறந்தபோது மச்சான் அந்தச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். "நீங்க சொல்றதைக் கொடுங்கம்மா," என்றேன். முன்பணம் நாற்பத்தைந்தாயிரம் என்று எழுதினார்கள். கற்களுக்கு விலை உண்டா என்று நான் கேட்பதற்குள், "கல்லை அப்படியே எடுத்துக்கிட்டுப் போங்கம்மா, ஒண்ணா வச்சிருந்தாப் போதும்," என்று மச்சான் சொல்லிவிட்டார்.

இப்போது அந்தக் கற்கள் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. பக்கத்துப் பலகையில் மச்சான் பெயரும் என் குவாரியின் பெயரும் இருக்கின்றன. என் பெயரையும் போட்டிருக்கலாம். குறையாகச் சொல்லவில்லை, இடம் இருந்தது. மச்சானுக்கு எழுபத்தெட்டு ஆகிறது. காலியான அந்த இரண்டாவது அறையில் புதிதாக நாலு பெட்டி சேர்ந்திருக்கிறது.

நான் தேடிச் சம்பாதித்தது நிறைய. அந்த முன்பணம் மட்டும் நான் சம்பாதித்ததில்லை. அவர் பொறுக்கியது, அவர் குறித்துவைத்தது, பொய் எழுத மாட்டேன் என்று அவர் பிடித்த பிடிவாதம், இவையெல்லாம் சேர்ந்து என் குவாரி மூலைக்கு வாடகையாக வந்தன. அவர் கடனை அடைக்க எனக்குப் பணம் கொடுத்தவரும் அவரே. இப்படி ஒரு மனிதர் சொந்தத்தில் வாய்க்க நான் என்ன செய்துவிட்டேன் என்று யோசிக்கிறேன். ஒன்றும் செய்யவில்லை. அவர் தங்கையைக் கட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதிதான் முன்பணம் வந்தது. வாங்கிய கையோடு சைக்கிள் கடை மாடிக்கு ஏறினேன். வீட்டுக்காரர் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார். மச்சான் ஜன்னலோரம் நின்றார்.

"கையை நீட்டுங்க மச்சான்."

"மேஜையில வைங்க மாப்ள. எண்ண வேண்டாம்."

"எண்ணணும். ஒன்பது வருஷம் எண்ணல."

அவர் கையை நீட்டினார். கண்ணாடி கிழித்த பழைய கோடுகளும் கல் கிழித்த புதுக் கோடுகளுமாக ஒரு கை. ஆயிரம் ஆயிரமாக, வாய்விட்டு எண்ணி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தேன். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பதை விரித்த அந்த உள்ளங்கையில் வைத்து, மேலே என் கையை ஒரு நிமிஷம் அழுத்தி வைத்திருந்தேன்.